குரங்கு ஏன் கத்துகிறது? இணைசேர்க்கையும் குரலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டால் கோயில் மதிலிலும் தென்னந்தோப்பிலும் குரங்குகள் போடும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், தோப்பு வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதுவும் பாதிப் பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு. இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லப் போவதில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

கோயில்ல குரங்கு கத்தினா ஜோடி தேடுதுன்னு அர்த்தமா சார்?

பெரும்பாலும் கிடையாது. கோயில் வாசலில் நீங்கள் கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி தீனிச் சண்டை, குட்டி அம்மாவைத் தேடுவது, நாயைப் பார்த்து மற்றவர்களை எச்சரிப்பது, இவைதான். கொஞ்சம் நின்று கேட்டால் பிரித்துவிடலாம். அடி வாங்குகிற குரங்கின் கீச்சல் உச்சத்துக்குப் போய் உடைந்து உடைந்து வரும், பல் தெரியும். எச்சரிக்கைக் குரல் குட்டையான குரைப்பு மாதிரி, திரும்பத் திரும்ப வரும், அப்போது மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டம் சிதறி மேயும்போது 'கூ' என்று மெல்ல ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொள்ளும், அது 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்கிற குரல்.

அதற்காக குரலுக்கும் சேர்க்கைக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குரங்கினங்களில் சிலவற்றில் குரல்தான் நடுநாயகம், சிலவற்றில் அது ஓரத்தில் நிற்கிற ஆள். இன்னொரு விஷயம், இந்தப் பக்கம் முழுக்க அதுதான் ஓடப் போகிறது: சேர்க்கையோடு வரும் குரல் பல நேரம் ஜோடிக்குச் சொல்வதற்காக எழுவதே கிடையாது, சுற்றிலும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறவர்களுக்காக எழுவது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே பாதிக் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

எங்க தோப்புக்கு வர்றது என்ன குரங்கு? அது எப்போ சேரும்?

நாட்டுக் குரங்கு. உச்சந்தலையில் நடு வகிடிலிருந்து முடி சுற்றிலும் விரிந்து குல்லாய் வைத்த மாதிரி இருக்கும், அதை வைத்தே குல்லாய்க் குரங்கு என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் மகாகா ரேடியேட்டா. தென்னிந்தியத் தீபகற்பத்தை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. டெல்டாவில் கோயில், சத்திரம், ஆற்றங்கரை அரசமரம் என்று பழகிவிட்டதால் சாதாரணமாகத் தெரிகிறது. கொடியக்கரைக் காட்டில், ராமர் பாதம் போகிற வழியில், இதே இனத்தைக் கொஞ்சம் காட்டுத்தனத்தோடு பார்க்கலாம்.

சேர்க்கை வருஷம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தாலும் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில்தான் கூடுதல். கர்ப்ப காலம் ஏறக்குறைய ஐந்தரை மாதம். அதனால் மாசி முதல் சித்திரைக்குள் வயிற்றில் கருப்புக் குட்டியைக் கட்டிக்கொண்டு தாய்க்குரங்குகள் மதிலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சம்பா நடவு சமயத்தில் நடந்ததற்கு அறுவடை முடிந்த பிறகு பலன் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ பெண் குரங்கு தயாரா இருக்குன்னு ஆணுக்கு எப்படித் தெரியும்? கூப்பிடுமா?

நம் ஊர்க் குரங்கில் மூக்குதான் முதல் வேலை செய்கிறது. பெங்களூரில் வேலை செய்த ரகமான், பார்த்தசாரதி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1971லேயே இந்த இனத்தின் சேர்க்கையில் வாசனைக்கு உள்ள பங்கைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதிவிட்டார்கள். பருவத்தில் உள்ள பெண்ணின் பிறப்புறுப்புச் சுரப்புதான் செய்தி. நீங்களே பார்க்கலாம்: கடுவன் அவசரமில்லாமல் பின்னால் வந்து நிற்கும், வாலை ஒதுக்கும், குனிந்து முகரும், சில சமயம் விரலால் தொட்டு அந்த விரலை மூக்குக்குக் கொண்டுபோகும். பிறகு ஒன்று ஏறும், இல்லையென்றால் எதுவுமே நடக்காத மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து புழுதியைக் கிளற ஆரம்பித்துவிடும். சத்தமே இருக்காது. வேடிக்கை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் நம் காது சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

இதுவே மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனால் கதை வேறு. வால்பாறைப் பக்கம் இருக்கும் சிங்கவால் குரங்கில் பருவம் வந்த பெண்ணுக்குப் பின்புறம் வீங்கும், சேரும்போது அது குரலும் எழுப்பும். நாட்டுக் குரங்குக்கு அப்படி எடுப்பான வீக்கம் வராது. இரண்டும் மகாகா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, இருந்தும் ஒன்று மூக்கை நம்புகிறது, இன்னொன்று கண்ணையும் காதையும் சேர்த்துக்கொள்கிறது. சாம்பல் நிற நீளவால் குரங்கில் பெண் இன்னொரு வழி வைத்திருக்கிறது: ஆணுக்கு முதுகைக் காட்டி நின்று தலையை விறுவிறுவென்று உதறும். 'குரங்கு இப்படித்தான்' என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எந்தக் குரங்கு என்று கேளுங்கள்.

டிவியில பார்த்தேன், சேரும்போது பெண் குரங்கு கத்துது. வலியில கத்துதா?

நீங்கள் பார்த்தது பபூனோ பார்பரி குரங்கோவாக இருக்கும், இரண்டும் இதற்குப் பேர் போனவை. வலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலிக் கீச்சல் தாறுமாறாக வரும், கூடவே தப்பிக்கிற உடம்பசைவும் இருக்கும். சேர்க்கைக் குரல் தாளக்கட்டோடு, ஒரே மாதிரித் துண்டுகளாக அடுக்கடுக்காக வரும், பெண் ஓடப் பார்ப்பதும் இல்லை, பல சமயம் அதுவே தேடிப்போய் நின்றதாக இருக்கும்.

ஜிப்ரால்டரில் இருக்கும் பார்பரி குரங்குகளை வைத்து டானா ஃபெஃபர்லே குழுவினர் 2008ல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. பெண் குரல் கொடுத்த சேர்க்கைகளில் சுமார் 59 சதவீதத்தில் ஆண் விந்து வெளியேற்றியது. குரல் கொடுக்காதவற்றில் அது 2 சதவீதம்கூட இல்லை. அதாவது அந்தக் குரல் சும்மா கூடவே வருகிற சத்தமாகத் தெரியவில்லை, காரியம் முடிவதோடு அது பிணைந்திருக்கிறது. பெண் சும்மா அடங்கி நிற்கிறது, எல்லாவற்றையும் ஆண்தான் நடத்துகிறது என்ற பழைய எண்ணத்தை இந்த ஒரு கணக்கே ஆட்டிவிடுகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

அவ்வளவு சத்தம் போட்டா சிறுத்தை வந்துடாதா? எதுக்கு வம்பு?

சரியான கேள்வி. ஆப்பிரிக்கச் சமவெளியில் பபூன் இருக்கும் இடத்தில் சிறுத்தை இருக்கிறது, அதனால் சத்தத்துக்கு விலை உண்டு. விலை கொடுத்தும் செய்கிறதென்றால் வரவு அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அந்த வரவு என்ன என்பதற்கு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். ஒன்று, குரலைக் கேட்டு மற்ற ஆண்களும் வரும், வந்தால் போட்டி, போட்டியில் வலுத்தது நெருங்கும். பல ஆண்களோடு சேர்ந்தால் வெளியே நடக்கும் போட்டி உள்ளேயும் தொடர்ந்து விந்தணுக்களுக்குள்ளேயே ஓட்டப்பந்தயம் நடக்கும். இரண்டு, குரல் கேட்ட பிறகு சேர்ந்த ஆண் அந்தப் பெண்ணை விட்டு நகராமல் காவல் நிற்கும். மூன்றாவது, அப்பன் யார் என்ற குழப்பம்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும், ஏனென்றால் இதன் வேர் நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்துத் தார்வாடில் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா 1960களில் அங்கே நீளவால் குரங்குகளைக் கவனித்தபோது, வெளியிலிருந்து வந்த ஆண் கூட்டத்தைக் கைப்பற்றியதும் இருந்த குட்டிகளைக் கொன்றதைப் பதிவு செய்தார். பிறகு சாரா ஹிர்டி ராஜஸ்தானின் அபு மலையில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். குட்டி போனால் தாய் சீக்கிரம் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும், புதிய ஆணுக்கு அது லாபம். இப்போது பெண்ணின் பக்கத்திலிருந்து யோசியுங்கள்: கூட்டத்தில் உள்ள பல ஆண்களுக்கும் 'இது என் குட்டியாக இருக்கலாம்' என்ற வாய்ப்பை விட்டுவைத்தால் அவற்றில் எதுவும் அந்தக் குட்டியைத் தொடத் தயங்கும். ஊருக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்து நாலு பேரை வரவழைப்பது அதற்கு ஒரு வழி. மூன்றில் எது சரி என்று ஒரே போடாகச் சொல்ல முடியாது, இனத்துக்கு இனம் கலவை மாறுகிறது. என்னைக் கேட்டால், குட்டிக்கொலை அதிகம் உள்ள இனங்களில் மூன்றாவதற்குத்தான் கனம் அதிகம் கொடுப்பேன்.

ஆண் குரங்கு கத்தாதா? எப்பவும் பொம்பளைதானா?

கத்தும். வட இந்தியாவில் நிறைய இருக்கும் செம்முகக் குரங்கில், அதாவது ரீசஸ் குரங்கில், சேரும்போது குரல் கொடுப்பது ஆண்தான். போர்ட்டோ ரீக்கோவில் கயோ சாண்டியாகோ என்ற தீவில் 1938ல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்ட குரங்குகளின் வம்சம் இன்றும் இருக்கிறது. அங்கே மார்க் ஹவுசர் செய்து 1993ல் வெளியிட்ட ஆய்வில், சேரும்போது குரல் கொடுத்த ஆண்களுக்கு மற்ற ஆண்களிடமிருந்து அடி அதிகம் கிடைத்தது, ஆனால் சேர்க்கை வாய்ப்பும் அதிகம் கிடைத்தது. அடி வாங்கத் தெம்பு இருக்கிறவன்தான் வாயைத் திறக்க முடியும் என்பதால் பெண்ணுக்கு அது நம்பகமான தகவல் ஆகிறது என்பது வாதம்.

பறவையில்கூட இதே கதை உண்டு. இப்போது டெல்டா வயல் முழுக்க மயில் வந்துவிட்டதே, ஆண் மயில் சேர்க்கைக்குப் பாய்கிற நொடியில் தனியாக ஒரு கூவல் போடும். அந்தக் கூவல் தூரத்தில் இருக்கும் பெண் மயில்களை இழுக்கிறது என்று ஒலிபரப்பிப் பார்த்து நிரூபித்திருக்கிறார்கள். மேலே சொன்னேனே, சுற்றி இருப்பவர்களுக்காக என்று, அது குரங்கோடு நிற்கிற விஷயம் இல்லை.

பெரிய குரல் இருந்தா பெரிய தாட்டான்னு அர்த்தமா?

பல இனங்களில் ஆமாம், ஆனால் குரல் எதைக் காட்டுகிறது என்பது மாறும். போட்ஸ்வானாவில் சாக்மா பபூன்களில் ஆண்கள் 'வாஹூ' என்று உரக்கக் கூவும். மேல்நிலை ஆணின் கூவல் நீளமாகவும் உயர்ந்த சுருதியிலும் வரும், நிலை இறங்கினால் கூவலும் சுருங்கும். போர்னியோவில் மூக்கன் குரங்கு இருக்கிறது, தொங்குகிற பெரிய மூக்கோடு. 2018ல் வந்த ஆய்வின்படி மூக்கு பெரிதாக உள்ள ஆணுக்கு உடம்பும் பெரிது, குரலும் கனம், கூட இருக்கும் பெண்களும் அதிகம்.

இதில் அசத்துவது தென் அமெரிக்காவின் ஊளைக் குரங்குதான். தொண்டையில் உள்ள நாவடி எலும்பு கிண்ணம் போலப் பெருத்து அதற்கு மைல் கணக்கில் கேட்கும் குரலைக் கொடுக்கிறது. ஜேக்கப் டன் குழுவினர் 2015ல் இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: எந்த இனத்தில் அந்த எலும்பு பெரிதோ அங்கே விதைப்பை சிறிது, எலும்பு சிறிதாக இருந்தால் விதைப்பை பெரிது. ஒரே ஆண் கூட்டத்தை ஆளும் இனங்கள் குரலில் முதலீடு செய்து மற்றவனை வெளியிலேயே நிறுத்தப் பார்க்கின்றன. பல ஆண்கள் சேர்ந்து வாழும் இனங்களில் யாரையும் வெளியே நிறுத்த முடியாது, அதனால் முதலீடு விந்தணுவுக்குப் போகிறது. உடம்பு இரண்டு பக்கமும் சேர்த்துச் செலவு செய்வதில்லை.

ஒராங்குட்டான் தனியா இருக்குமே, அது யாருக்குக் கூவுது?

தனியாக இருப்பதால்தான் கூவியாக வேண்டும். கன்னத்தில் தட்டு மாதிரி சதை விரிந்த பெரிய ஆண்கள் நீண்ட கூவல் விடும், காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் வரை கேட்கும். பெண்கள் அதைக் கேட்டு எட்டாத தூரம் போய்விடாமல் பார்த்துக்கொள்கின்றன, சின்ன ஆண்கள் ஒதுங்கிப் போகின்றன. சுமத்ராவில் கார்ல் வான் ஷைக் குழு 2013ல் சொன்னது இன்னும் சுவாரஸ்யம்: சாயங்காலம் ஆண் எந்தத் திசையைப் பார்த்துக் கூவுகிறதோ பெரும்பாலும் மறுநாள் அந்தப் பக்கமே பயணம் போகிறது. நாளைக்குப் போகிற வழியை இன்றைக்கே ஊருக்கு அறிவித்துவிடுகிறது.

திருட்டுத்தனமா சேரும்போது வாயைத் திறக்காதாமே, நெஜமா?

நிஜம். எத்தியோப்பியாவின் மலைகளில் புல் மேயும் கெலடா குரங்குகளில் ஒரு தலைவன் ஆண், அவனுக்குச் சில பெண்கள், ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு சில ஆண்கள் என்று குடும்பம் இருக்கும். தலைவனோடு சேரும்போது சத்தம் வரும். ஒட்டிக்கொண்டிருக்கும் ஆணோடு ஒரு பெண் சேருகிறதென்றால் தலைவன் தூரமாக இருக்கும் நேரம் பார்த்து நடக்கும், இரண்டுமே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அலிசா லெ ரூ முதலானவர்கள் 2013ல் இதை வெளியிட்டார்கள். மாட்டிக்கொண்டால் தலைவன் அடிக்கும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

சிம்பன்சியில் பயம் வேறு பக்கம். உகாண்டாவின் புடோங்கோ காட்டில் சைமன் டவுன்சென்ட், டோபியாஸ் டெஷ்னர், கிளாஸ் சூபர்பியூலர் மூவரும் 2008ல் வெளியிட்ட ஆய்வில், பெண் சிம்பன்சிகள் உயர்நிலை ஆண்களோடு சேரும்போது அதிகம் குரல் கொடுத்தன, ஆனால் உயர்நிலைப் பெண்கள் அருகில் இருந்தால் வாயை மூடிக்கொண்டன. நல்ல ஆணுக்கு நடக்கும் போட்டியில் மற்றப் பெண்களிடம் அடி வாங்காமல் இருக்கத்தான். தன்னையறியாமல் வருகிற சத்தம் என்றால் ஆள் பார்த்து நிறுத்த முடியாது. யார் கேட்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறது.

பக்கத்துல இருக்கிற ஆண்களுக்கு இதெல்லாம் புரியுமா, இல்ல சும்மா சத்தம்னு விட்டுடுமா?

புரிகிறது, நாம் நினைப்பதைவிட நன்றாகவே. பபூன்களில் பருவம் உச்சத்தில் இருக்கும் பெண்ணோடு ஒரு மேல்நிலை ஆண் ஒட்டியே திரியும், மற்றவர்களுக்கு இடம் கிடைக்காது. கேத்தரின் கிராக்ஃபர்டும் உடன் வேலை செய்தவர்களும் 2007ல் வெளியிட்ட சோதனையில் புதருக்குள் இரண்டு ஒலிபெருக்கிகளைத் தள்ளித் தள்ளி ஒளித்து வைத்தார்கள். ஒன்றிலிருந்து காவல் நிற்கும் ஆணின் உறுமல், இன்னொன்றிலிருந்து அந்தப் பெண்ணின் சேர்க்கைக் குரல். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தால் வழக்கமான நிலவரம்தான். தனித்தனி இடத்திலிருந்து வந்தால் ஜோடி பிரிந்துவிட்டது, பெண் வேறு யாரோடோ சேருகிறது என்று அர்த்தம். ஓரத்தில் காத்திருந்த ஆண்கள் அந்த நேரத்தில்தான் பெண்ணின் குரல் வந்த பக்கம் நடையைக் கட்டின.

இரண்டு குரல், இரண்டு திசை, யார் யாரோடு, இதையெல்லாம் சேர்த்து ஒரு முடிவுக்கு வருகிறதென்றால் அந்தத் தலைக்குள் ஓடுவது சாதாரணக் கணக்கு இல்லை. இந்தச் சோதனையை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

கிப்பன் ஜோடியா பாடுமாமே, அது காதல் பாட்டா?

அசாமில் ஹோலோங்காபார் சரணாலயத்துக்குப் போனால் வாலில்லாக் குரங்கு வகையான ஹூலாக் கிப்பன்கள் காலையில் ஜோடியாகப் பாடுவதைக் கேட்கலாம். பெண் தனக்குரிய நீண்ட கூவலை எடுக்கும், ஆண் இடத்தைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளும். எல்லைக்கு உரிமை சொல்வது, 'இங்கே ஜோடி இருக்கிறது' என்று அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பது, தங்களுக்குள் உறவை இறுக்குவது, மூன்றுமே இதில் இருப்பதாகக் கருதுகிறார்கள். எல்லாக் கிப்பனும் ஜோடியாகப் பாடாது, ஜாவாவில் உள்ளதும் இந்தோனேசியாவின் மென்டாவாய் தீவுகளில் உள்ள குளோஸ் கிப்பனும் அப்படிப் பாடுவதில்லை. பாட்டு கற்றுக்கொண்டு வருவதும் இல்லை, இரண்டு இனம் கலந்து பிறந்த குட்டி இரண்டுக்கும் நடுவில் ஒரு கலப்புப் பாட்டைத்தான் பாடுகிறது.

ஆனால் சேர்ந்து பாடுகிறதே என்று கற்புக்கு உதாரணம் காட்டாதீர்கள். தாய்லாந்தின் காவோ யாய் காட்டில் ஜோடியாக வாழும் கிப்பன் பெண்கள் பக்கத்து ஆண்களோடு சேருவதை 1990களிலேயே பதிவு செய்துவிட்டார்கள்.

நம்ம தமிழ்நாட்டுத் தேவாங்கும் குரங்கு இனம்தானே, அதுக்கு?

தேவாங்கும் குரங்கும் மனிதனும் அடங்கிய பிரைமேட் வகைதான், ஆனால் குரங்கிலிருந்து வெகுதூரம் விலகிய கிளை. இரவு விலங்கு, தனித்தனியாகத் திரியும், அதனால் சீழ்க்கை அடிக்கிற மாதிரி உரத்த குரலாலும் சிறுநீர் வாசனையாலும் ஒன்றுக்கொன்று இருப்பைத் தெரிவிக்கிறது. காவிரிக்கரைக்காரர்களுக்கு இது பக்கத்துச் சேதி: கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காடுகளை 2022ல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், நாட்டிலேயே முதலாவது. தேவாங்குக்குத் தூரத்துச் சொந்தமான, மடகாஸ்கரில் உள்ள சுண்டெலி லெமூர்கள் நம் காதுக்கு எட்டாத சுருதியில் கூப்பிடுகின்றன. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் அந்த இனங்கள், கூப்பிடும் குரலில் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன.

சேர்க்கைக் கத்தலை ஸ்பீக்கர்ல போட்டா தோப்பிலிருந்து குரங்கை விரட்ட முடியுமா?

இந்தக் கேள்வி வாழைத்தோட்டமும் தென்னையும் வைத்திருக்கிறவர்களிடமிருந்து வருஷா வருஷம் வருகிறது. குரும்பையைப் பறித்துப் போட்டுவிட்டுப் போகிற குரங்கைப் பார்த்து வயிறு எரிவது எனக்குப் புரிகிறது. ஆனால் இது வேலைக்கு ஆகாது. சேர்க்கைக் குரலின் வேலையே ஆட்களை வரவழைப்பது என்று மேலே பார்த்தோம். அதோடு பார்பரி குரங்கின் குரலை இணையத்தில் எடுத்து நாட்டுக் குரங்குக்குப் போட்டால் அதற்கு அது அந்நியச் சத்தம். முதல் நாள் மிரளும், பின்னால் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் அந்த ஸ்பீக்கர் மேலேயே ஏறி உட்காரும். வெடிச்சத்தத்துக்குப் பழகிய மாதிரிதான். தோப்பில் தீனிக்கழிவை விட்டுவைக்காமல் இருப்பதும், காய் முற்றும் நேரத்தில் ஆள் காவல் போடுவதும் இதைவிட உருப்படியான வழி.

கொடியக்கரைக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், ஃபோனில் குரங்குச் சத்தம் போட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். மேலே சொன்ன பபூன் சோதனையில் ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் திட்டம் இருந்தது, அனுமதி வாங்கிச் செய்கிற வேலை அது. சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொய்யான எச்சரிக்கைக் குரலால் குட்டியோடு இருக்கும் தாய் மரத்துக்கு மரம் பாய்ந்தால் விழுந்து அடிபடுவது குட்டிதான்.

மனுஷங்களுக்கும் இதெல்லாம் இருக்கா சார்?

ஒரு பகுதி இருக்கிறது. பருவ வயதில் பையன்களுக்குக் குரல் உடைவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குரல்நாண்களைத் தடிக்க வைப்பதால்தான். டேவிட் பட்ஸ் குழு 2016ல் குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் எல்லோரையும் ஒப்பிட்டபோது, ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் உள்ள சுருதி வித்தியாசம் மனிதனில் மற்ற எல்லா வாலில்லாக் குரங்குகளையும்விட அதிகம் என்று தெரிந்தது. அதே ஆய்வில், கனத்த குரல் ஆண்களுக்குள் மிரட்டலாகத் தெரிவதுதான் பெண்களைக் கவர்வதைவிட அழுத்தமாக வந்தது. தான்சானியாவில் வேட்டையாடிச் சேகரித்து வாழும் ஹாட்ஸா மக்களிடம் 2007ல் வந்த ஆய்வில், கனத்த குரல் உள்ள ஆண்களுக்குப் பிள்ளைகள் அதிகம் இருந்தன.

இதை வைத்துக்கொண்டு உங்கள் பையனின் குரலை எடை போடாதீர்கள். இவை கூட்டத்தின் சராசரிகள், தனி ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மெல்லிய குரலுக்காக வகுப்பில் கேலிக்கு ஆளான பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அறிவியலை அந்தக் கேலிக்குத் துணைக்கு அழைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

கத்தறதை வச்சு பெண் கருத்தரிக்கிற நாள் எதுன்னு ஆணுக்குத் தெரியுமா? ஒருத்தர் தெரியும்கிறார், இன்னொருத்தர் தெரியாதுங்கிறார்.

இதைக் கேட்கிறவர் ஏற்கனவே நிறையப் படித்தவர். இரண்டு முடிவும் ஒரே இனத்திலிருந்து, அதே பார்பரி குரங்கிலிருந்து வந்தவை. ஸ்டூவர்ட் செம்பிளும் கேரன் மெக்கோம்பும் 2000ல் வெளியிட்ட ஆய்வில், கருமுட்டை வெளிவரும் காலத்தை ஒட்டிப் பதிவு செய்த குரலுக்கு ஆண்கள் கூடுதலாகக் கவனம் காட்டின. அதனால் குரல் நாளைச் சொல்கிறது என்றார்கள். 2008ல் ஃபெஃபர்லே குழு, வலி பற்றிய பதிலில் வந்ததே அதே ஆய்வில், சாணத்தில் உள்ள ஹார்மோனை அளந்து வளமான நாட்களைக் கண்டுபிடித்து, குரலோடு பொருத்திப் பார்த்தது. வளமான நாள் குரலுக்கும் மற்ற நாள் குரலுக்கும் வித்தியாசம் கிடைக்கவில்லை. சிம்பன்சி ஆய்விலும் குரலுக்கும் வளமான நாளுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. யெல்லோ பபூனில் மட்டும் குரல், பெண்ணின் வீக்க அளவுக்கும் சேரும் ஆணின் நிலைக்கும் ஏற்ப மாறுவதாக செம்பிள் குழு 2002ல் காட்டியது.

என் கணிப்பைக் கேட்டால் ஹார்மோன் அளந்த முடிவு பக்கம்தான் சாய்வேன், ஏனென்றால் வீக்கத்தைப் பார்த்து நாளைக் குறிப்பதைவிட அது துல்லியம். அப்புறம் பெண்ணின் பக்கத்திலிருந்தும் பாருங்கள், நாளை வெட்டவெளிச்சமாக்கிவிட்டால் வலுத்த ஒரே ஆண் அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் காவல் நின்று மற்றதை விட்டுவிடும், அப்பன் குழப்பம் என்று சிறுத்தைக் கேள்வியில் சொன்ன பாதுகாப்பு போய்விடும். குரல் சொல்லும் தகவல் வேறு ஒன்று இருக்கிறது: விந்து வெளியேறிய சேர்க்கையில் வரும் குரலும் வெளியேறாததில் வரும் குரலும் வேறு வேறு, ஓரத்தில் இருக்கும் ஆண்கள் அந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன என்று அதே குழு ஒலிபரப்பிக் காட்டியது. நாள் எது என்பது மறைந்தே இருக்கிறது, சற்று முன் நடந்தது முடிந்ததா இல்லையா என்பது மட்டும் கூட்டத்துக்கே தெரிந்துவிடுகிறது.